ஷாட் மாறலாம், சேலை மாறக் கூடாது

ஏஐ வீடியோவில் முதல் ஷாட்டில் வந்த பாட்டி அடுத்த ஷாட்டில் வேறு ஆளாகிவிட்டால், குறை பெரும்பாலும் நாம் எழுதிய பிராம்ப்ட்டில்தான். கூகுளின் வீடியோ கருவியான வியோ 3, 2025-இல் வந்தபோது ஒரு தடவைக்கு 8 விநாடித் துண்டைத்தான் தந்தது. நீளமான காட்சிக்குத் துண்டுகளை ஒட்டத்தான் வேண்டும். தனித்தனியே உருவாகும் துண்டுக்கு முந்தையது நினைவில் இருக்காது. அடுத்த துண்டுக்கு 'அவள் அடுப்பை ஊதுகிறாள்' என்று மட்டும் எழுதினால், எந்த அவள்? 'அறுபது வயதுப் பாட்டி, அரக்கு நிறச் சுங்குடிச் சேலை, நரைத்த கொண்டை, ஒற்றைக்கல் மூக்குத்தி' என்ற வரியை ஒரு சொல்லும் மாற்றாமல் ஒவ்வொரு ஷாட்டிலும் எழுதுங்கள். அரக்கு அடுத்த ஷாட்டில் 'சிவப்பு' ஆனாலே சேலை மாறிவிடலாம். சினிமாவில் கன்டின்யூட்டி பார்க்க உதவி இயக்குநர் இருப்பார். இங்கே அந்த வேலையும் நம் தலையில்தான்.

மாதிரிப் படம் ஒன்றைக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். முகத்துக்கும் உடைக்கும் அது நல்ல துணை. ஆனால் காலை வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, கேமரா நகர்கிறதா நிற்கிறதா என்பதையெல்லாம் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரே பிராம்ப்ட்டில் பல ஷாட் தரும் கருவி என்றால், வர்ணனையை மேலே ஒருமுறை எழுதி, கீழே ஷாட் 1, ஷாட் 2 என்று பிரித்துக்கொள்ளலாம். ஷாட்டுக்கு ஒரு செயல், ஒரு கேமரா அசைவு போதும். எட்டு விநாடிக்குள் அடுப்பூதி, காபி ஆற்றி, வாசலுக்கும் போய்வர நிஜப் பாட்டியாலேயே முடியாது. வர்ணனை வரியைத் தனியே சேமித்துவைத்து, ஒவ்வொரு முறையும் காப்பி-பேஸ்ட் செய்யுங்கள்.