சேரமான் ஏன் புறப்பட்டார்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதியதில் இரண்டு செய்திகள் இருந்தன. உன்னோடு தேவாரம் படித்த கூட்டாளி பிரான்சுக்குப் போய்விட்டான் என்பது ஒன்று. அங்கே அவன் பாடியதைப் பலரும் கொண்டாடுகிறார்கள், அந்தப் பதிவைக் கேட்டபோது உனக்கு நெஞ்சில் சுருக்கென்றது என்பது இன்னொன்று. முதலாவது நம் காரைக்கால் பக்கத்துக்குப் புதிதல்ல. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்த குடும்பங்களில் பிள்ளைகள் வளர்ந்ததும் விமானம் ஏறுவது வழக்கம்தான். நான் எழுதுவது இரண்டாவதைப் பற்றி. உன் பெயரைப் போடவில்லை. உன் நிலையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

சேரமான் பெருமாள், சுந்தரர் கதை உனக்குத் தெரியும். வெள்ளை யானை, குதிரை, கயிலை என்று மேடையில் அதன் முடிவைச் சொல்லிவிட்டுப் போகிறோம். தொடக்கத்தில் யாரும் நிற்பதில்லை. கொடுங்கோளூரில் சேரமான் நாள்தோறும் பூசையை முடிக்கும்போது கூத்தப்பெருமானின் சிலம்பொலி கேட்கும். ஒருநாள் கேட்கவில்லை. என்ன பிழை செய்தேனோ என்று உடைவாளை உருவி மார்பில் பாய்ச்சப் போனார். அப்போது ஒலி வந்தது, தாமதத்துக்கான காரணமும் வந்தது. தில்லையில் சுந்தரன் பாடினான், அதைக் கேட்டிருந்ததில் நேரமாகிவிட்டது!

யோசித்துப் பார், தம்பி. சேரமானும் பாட்டுக் கட்டத் தெரிந்தவர். தன் வேளைக்கு வரவேண்டிய கடவுளை வேறொருவன் பாட்டு நிறுத்திவைத்துக்கொண்டது. ஒரு கலைஞனைக் குத்த இதைவிட என்ன வேண்டும்? அவரோ, அப்படிப் பாடுகிறவரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நாட்டை விட்டுக் கிளம்பினார். கொங்கு நாட்டைக் கடந்து தில்லைக்கு வந்து பொன்வண்ணத்தந்தாதி பாடி, பிறகு ஆரூரில் சுந்தரரைக் கண்டு விழுந்து வணங்கினார். அரசருக்கு அது பெரிய காரியமா என்று கேட்காதே. உவர்மண் படிந்த உடம்போடு எதிரே வந்த சலவைத் தொழிலாளியைத் திருநீறு பூசிய அடியாராகவே கண்டு, யானையை விட்டு இறங்கிக் கும்பிட்டவர் அவர். குனிந்து பழகிய உடம்பு.

இந்தப் பக்கம் சுந்தரரையும் பார். சேக்கிழார் சொல்லும் வரிசைப்படி, இருவரும் சந்திப்பதற்கு வெகு முன்பே திருத்தொண்டத்தொகை பாடியாகிவிட்டது. அதில் கழறிற்றறிவார்க்கும் தாம் அடியேன் என்கிறார். கழறிற்றறிவார் என்பது இந்தச் சேரமான்தான். முகம் பார்க்காத ஒருவரைப் பாட்டில் முதலில் ஏற்றிவிட்டார். நம் காரைக்கால் அம்மையாரும் அதே தொகையில் இருக்கிறார்.

பிறகு இருவரும் மதுரை வரை சேர்ந்து போனார்கள். சேரமான் அழைக்க, சுந்தரர் கொடுங்கோளூருக்கும் போனார். அரண்மனையில் குறையொன்றும் இல்லை. ஆனாலும் ஆரூரை மறக்க முடியவில்லை என்று அங்கிருந்தே பாடினார். நண்பனின் விருந்தில் உட்கார்ந்து வேறு ஊருக்கு ஏங்கினால் நம்மில் யார் முகம் சுளிக்காமல் இருப்போம்? சேரமான் பிரிவு தாங்காமல் கலங்கினார், ஆனால் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. பொன்னும் பொருளும் கொடுத்து அனுப்பிவைத்தார். அதைத் திருமுருகன்பூண்டியில் வேடர் பறித்ததும், சுந்தரர் பாடித் திரும்பப் பெற்றதும் தனிக் கதை.

இதெல்லாம் நடந்ததா என்று உன் வயதில் எல்லோரும் கேட்பார்கள். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதினார், சுந்தரருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தி. யானை பறந்ததை நீ நம்பாவிட்டாலும் ஏழாம் திருமுறையின் 100 பதிகங்களும் பதினோராம் திருமுறையில் சேரமானின் மூன்று நூல்களும் நம் கையில் இருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார். சுந்தரர் பண்ணமைந்த பதிகம் பாடினார். சேரமான் அந்தாதி, மும்மணிக்கோவை, உலா என்று தன் வழியில் போனார். அவருடைய உலாதான் தமிழில் முதல் உலா. நண்பரை அவ்வளவு கொண்டாடியவர் அவரைப் போலவே பாட முனையவில்லை. உன் கூட்டாளியின் பிருகாவைப் பதிவில் கேட்டுக் கேட்டு உன் தொண்டையில் ஏற்றப் பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். விட்டுவிடு. உனக்கு விளம்ப காலம் நன்றாக வரும்.

வீடியோ அழைப்பில் சேர்ந்து பாடவும் முயலாதே. ஒலி பிந்தி வரும், தாளம் முட்டும், கடைசியில் இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். நமக்கு இரவு எட்டு மணி என்றால் அவனுக்குக் கோடையில் மாலை நாலரை, குளிர்காலத்தில் மூன்றரை. ஒருவர் ஒரு பதிகத்தை வெட்டாமல் முழுதும் பாடி அனுப்புங்கள், மற்றவர் கேட்டுவிட்டுக் குறையைச் சொல்லுங்கள். “சூப்பர்” என்று மட்டும் பதில் போடுவது நட்புக்கு ஆகாது.

இன்னொன்று. கயிலை வாசலில் சுந்தரரை உள்ளே விட்டார்கள், சேரமானைத் தடுத்துவிட்டார்கள். உள்ளே போன சுந்தரர் வாசலில் நிற்பவரை மறக்காமல் எடுத்துச் சொன்னார். உலா அரங்கேறியது அதற்குப் பிறகே. உனக்கு இங்கே ஒரு மேடை கிடைத்தால் அவன் பெயரைச் சொல். அவன் அங்கே சொல்கிறானா என்று கணக்குப் பார்க்காதே.

திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டத்தில் தேவாரத்தை யார் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். வரிசையில் நிற்கிற பலருக்கு அங்கே சம்பந்தரின் பச்சைப்பதிகம் இருப்பதே தெரியாது, அது உண்மை. நீ தர்ப்பாரணியேசுவரரைப் பார்த்துப் பாடு. அவன் வெளிநாட்டில் ஒரு வாடகை மண்டபத்தில் அதே பெயரைப் பாடட்டும்.

ஆடிச் சுவாதி சுந்தரர், சேரமான் இருவருக்கும் குருபூசை நாள். சுந்தரர் தம் கடைசிப் பதிகத்தை வருணனிடம் கொடுத்துத் திருவஞ்சைக்களத்தில் சேர்க்கச் சொன்னதாகச் சேக்கிழார் எழுதுகிறார், அதாவது நண்பரின் ஊரில். சுந்தரரின் நள்ளாற்றுப் பதிகமும் கொடுங்கோளூரில் ஆரூரை நினைத்துப் பாடிய பதிகமும் ஒரே பண், தக்கேசி. நம் காம்போதி. இந்த ஆடிச் சுவாதிக்கு நள்ளாற்றுப் பதிகத்தை நீ பாடி அவனுக்கு அனுப்பு, ஆரூர்ப் பதிகத்தை அவனிடம் கேள். முதலில் அனுப்புவது நீயாக இரு.

அன்புடன்,
விழிதியூரிலிருந்து உன் அண்ணன்