வெள்ளம் வடிந்த வீடும் வீட்டாரின் கடமையும்

திருவனந்தபுரத்தில் கிள்ளிப்பாலத்தை அடுத்துள்ளது ஆரியசாலை. 2023 அக்டோபர் மழையில் இந்நகரின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. நீர் வடிந்தவுடன் இடர் நீங்கிவிட்டதெனக் கருதலாகாது.

சுவர்: மண் சாந்தினால் கட்டிய சுவர் நீரில் ஊறி வலுவிழக்கும், நீர் வடிந்தபின்னும் சரியக்கூடும். ஆகவே விரிசல், சாய்வு, கூரைத் தொய்வு ஆகியவற்றை முதலில் வெளியே நின்று ஆராய்தல் வேண்டும். ஐயமிருப்பின் உள்ளே புகாது பொறியாளரை அழைக்க வேண்டும். சிறு விரிசலாயின், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுக. விரிசல் கோட்டைக் கடந்தால் சுவர் இன்னும் அசைகிறதென்று பொருள்.

மின்சாரம்: நீரில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சைத் தொடலாகாது. நனைந்த கம்பிகளை உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்த பின்னரே இணைப்புத் தருதல் வேண்டும்.

சான்று: சேற்றை அகற்றுமுன் சேதத்தைப் படமெடுத்துக்கொள்க. நிவாரணத்திற்கும் காப்பீட்டிற்கும் இது உதவும்.

கிணறு: வட்டக் கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 785ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். விட்டம் 2 மீட்டர், ஆழம் 3 மீட்டராயின் நீர் 9,420 லிட்டர். வெள்ளத்திற்குப்பின் 1,000 லிட்டருக்கு 5 கிராம் வீதம் சுமார் 47 கிராம் பிளீச்சிங் பவுடர் தேவை. அதனை வாளி நீரில் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். குடிநீரைக் காய்ச்சியே பருகுக.

ஆசிரியர்கள் பள்ளிக் கிணற்றை மாணவர்களைக் கொண்டு கணக்கிடச் செய்யலாம். களப்பணியாளர்கள் பென்சில் கோட்டு முறையை வீடுதோறும் காட்டுவாராக.