சேலத்தில் ஓடியது, ஏற்காட்டில் ஏன் எழவில்லை?

சேலம் கடையில் அசெம்பிள் செய்து, விண்டோஸ் போட்டு, அரை நாள் ஓடவிட்டுப் பார்த்த கம்ப்யூட்டர். ஏற்காட்டு ரிசார்ட் வரவேற்பறையில் வைத்துப் பவர் பட்டனை அழுத்தினால் பேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. ஹார்டுவேர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டி, அதைக் கழற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறார்கள். கீழே போனால் அது நன்றாகவே ஓடும். கடையில் ஓடிய இயந்திரம் மலையில் எழவில்லை என்றால் நடுவில் முக்கியமாக மாறியவை இரண்டு: அது வந்த வழி, அதற்குக் கிடைக்கும் கரண்ட். சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குங்கள். பார்ட் மாற்றுவது கடைசி வேலை.

முதலில் வழி. சுமார் 30 கிலோமீட்டர் சாலை, 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றம். பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒரு கிலோவுக்கு மேலும் இருக்கும். நிற்க வைத்த கேபினெட்டில் அது ஸ்லாட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் வருகிறது. உயரமான கூலருக்கும் இதே கதி. ஒவ்வொரு திருப்பத்திலும் இவை ஆடும். ராம் அரை மில்லிமீட்டர் மேலே எழும்பினாலே போதும், திரை கறுத்துவிடும். அதனால் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாகக் கொண்டுபோங்கள். கேபினெட்டை மதர்போர்டு அடியில் இருக்கும்படி படுக்க வையுங்கள்.

மேலே போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிடுங்கள். பக்கவாட்டில் குனிந்து ராமைப் பாருங்கள். தங்க நிறப் பற்கள் ஒரு முனையில் மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தால் அது சரியாக உட்காரவில்லை. இன்றைய போர்டுகள் பலவற்றில் ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கிறது. கிளிப் இல்லாத பக்கம்தான் ஏமாற்றும். எல்லா ராமையும் கழற்றி, ஒன்றை மட்டும் மேனுவல் சொல்லும் ஸ்லாட்டில் (பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது) 'டிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். பழைய ராமுக்குச் செய்வதுபோல் புதியதை ரப்பரால் தேய்க்க வேண்டாம்.

இப்போது ஆன் செய்தபின் காத்திருங்கள். டிடிஆர்5 ராம் போட்ட போர்டு, ராமைக் கழற்றி மாட்டியபின் முதல் முறை எழும்போது நினைவகத்தைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. "என்ன தம்பி, இன்னும் வரலையா?" என்று மேனேஜர் பின்னால் நிற்கும்போது கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். போகவிடாதீர்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம் சார், செக் பண்ணிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, போர்டின் ஓரத்தில் உள்ள சின்ன விளக்குகளைப் பாருங்கள். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்ற நான்கில் எது அணையாமல் நிற்கிறதோ, சோதனை அங்கேதான் நின்றிருக்கிறது. விளக்கு இல்லாத போர்டுக்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் பையில் இருக்கட்டும். 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலேயே ஒரு குறுகிய பீப் என்றால் எல்லாம் நலம். மற்ற பீப்களுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் வேறு, மேனுவலைப் பாருங்கள்.

மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பெயர் 'எஃப்' எழுத்தில் முடியும் இன்டெல் பிராசசர் என்றால் கார்டு இல்லாமல் படமே வராது. மூலையில் இருக்கும் சிபியு பவர் கேபிளும் ஆட்டத்தில் தளர்ந்திருக்கலாம். அதுவும் கார்டுக்கான எட்டுப் பின் கேபிளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இறங்காததைத் திணிக்காதீர்கள்.

அடுத்தது கரண்ட். மல்டிமீட்டர் இல்லாமல் மலை ஏறாதீர்கள் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்; பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு; நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வேண்டாம். மதியம் ஒருமுறை அளந்தது போதாது. குளிர் இறங்கி எல்லா அறைகளிலும் கீசர் ஓடும் நேரத்தில் அளந்தால்தான் லைனின் உண்மை தெரியும். தரமான எஸ்எம்பிஎஸ் பல 100 வோல்ட்டிலும் வேலை செய்யும். மலிவானவை சில 200க்குக் கீழே கைவிட்டுவிடும். நேரடி லைனில் ஓடி, யூபிஎஸ்ஸில் மட்டும் அணைகிறதா? சைன் வேவ் தராத யூபிஎஸ்ஸுடன் புதிய எஸ்எம்பிஎஸ் சில ஒத்துப்போவதில்லை.

கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொடும்போது சுருக்கென்று இருந்தால் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் வாசலில் உள்ள கெபாசிட்டர்கள் பேஸையும் நியூட்ரலையும் கூட்டோடு இணைக்கின்றன; எர்த் இல்லாதபோது கூடு லைன் வோல்ட்டேஜில் பாதியளவுக்கு மிதக்கும். அந்த நிலையில் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ மாட்டினால் போர்ட் கருகக்கூடும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. எர்த் கம்பி ஆழமாக இறங்குவது கடினம், கோடையில் மண்ணும் காய்ந்துபோகும். இது உங்கள் வேலை அல்ல, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வேலை. ஆனால் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது உங்கள் வேலை. ஏப்ரல், மே இடிமழையில் கட்டடம் விட்டுக் கட்டடம் வெளியே ஓடும் லேன் கேபிள் மின்னல் அதிர்வை உள்ளே கொண்டுவரும். அந்தக் கேபிளையும் எல்லா யுஎஸ்பியையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள்.

இரவெல்லாம் குளிரில் கிடந்த பெட்டியைக் கதகதப்பான அறைக்குக் கொண்டுவந்த உடனே ஆன் செய்ய வேண்டாம். ஈரம் படியும், ஓரிரு மணி நேரம் விடுங்கள்.

டிஸ்ப்ளே வந்து, பூட் டிவைஸ் இல்லை என்று நின்றால் பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் எம்.2 ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்தும் பூட் ஆகவில்லை, தேதியும் தப்பு என்றால் சிஆர்2032 பேட்டரி அசைந்து செட்டிங் அழிந்திருக்கிறது. யுஇஎஃப்ஐ முறையையும் பூட் வரிசையையும் திரும்ப வையுங்கள். பயாஸ் அப்டேட்டை மட்டும் சேலத்திலேயே முடித்துவிடுங்கள். கரண்ட் நிலையில்லாத இடத்தில் அதைத் தொடுவது ஆபத்து.

ஐடிஐயில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் படித்தவர்களுக்கு இந்தப் பகுதியில் வேலை இருக்கிறது: எஸ்டேட் ஆபீஸ்கள், விடுதிப் பள்ளிகள், ரிசார்ட்டுகள். கோடை விழா நேரத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் பில் போட வழியிருக்காது. அதனால் ஒரு ராம், ஒரு எஸ்எம்பிஎஸ், ஒரு பவர் கேபிள் எப்போதும் பையில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைச் சீட்டில் குறியுங்கள்: போர்டு மாடல், பயாஸ் பதிப்பு, மூன்று வோல்ட்டேஜ் அளவுகள், எடுத்த நேரம், எது சரியானது. ஒரு நகலை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைக் கடை பைலில் வையுங்கள். அடுத்த முறை வேறொருவர் மேலே போகலாம். அவர் கிளம்புமுன் அந்தச் சீட்டைப் படிக்கட்டும்.