யானைக்கு வழி விடுங்கள்

கேள்வி: பொங்கலுக்குக் கூட்டாளியோடு கொழும்பிலிருந்து காரில் திருகோணமலைக்கு வருகிறேன். வேலை முடிந்து பின்னேரம் புறப்பட்டால் சரிதானே?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: விடியப்புறம் வெளிக்கிடுங்கள். குருநாகல், தம்புள்ளை வரை இரவிலும் கடையும் வெளிச்சமும் இருக்கும். ஹபரணை தாண்டினால் கந்தளாய் வரை பெரும்பாலும் காடுதான். இருட்டினால் யானை றோட்டுக்கு வரும். அதன் நிறம் தார் றோட்டோடு கலந்துவிடும், கிட்டப் போகும்வரை தெரியாது. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதியே ஆறு யானைகள் செத்தன. கார் எம்மாத்திரம்?

யானை நின்றால் தள்ளி நிறுத்துங்கள். ஹோன் வேண்டாம், லைட்டை அடித்து அடித்து அணைக்கவும் வேண்டாம். படம் எடுக்கக் கூட்டாளி இறங்கப் பார்ப்பார், விடாதீர்கள். வாழைப்பழம் நீட்டுவது அதைவிட மோசம். தீனி கண்ட யானை அடுத்த வாகனத்தையும் மறிக்கும். பஸ்ஸோ லொறியோ வந்தால் அதன் பின்னால் போகலாம்.

ரயர் காற்றுப் போவது இன்னொரு தொல்லை. ஸ்பெயார் வீலில் காற்று இருக்கிறதா என்று கொழும்பிலேயே பாருங்கள். ஜக் இருந்தும் ஸ்பெயார் வீல் சப்பையாய்க் கிடந்தால் என்ன பலன்? தை மாதத்தில் இந்தப் பக்கம் மழையும் இருக்கும், வைப்பரையும் பாருங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

முக்கியமாக, முன்சீற்றில் இருப்பவர் நித்திரை கொள்ளக்கூடாது. அவர் குறட்டை விட்டால் ஓட்டுகிறவருக்கும் கண் சொக்கும். இருவருக்கும் நித்திரை வந்தால் தம்புள்ளையில் நிறுத்திப் பிளேன்ரீ குடியுங்கள். பொங்கல் பானை அதற்குள் பொங்கிவிடாது.