நான்கு போதாது, ஐந்து வேண்டும்

எங்களுக்குக் கோடை விடுமுறை கிடையாது, ஆகஸ்ட் லீவுதான். கொட்டாஞ்சேனையில் அந்த லீவும் ரியூசனிலேயே கரைந்துவிடும். பத்தாம் ஆண்டில் படிக்கும்போது ரியூசனுக்கு ஐந்து நாள் லீவு சொல்லிவிட்டு ஒரு கணித முகாமுக்குப் போனேன். அப்பா செட்டியார் தெரு நகைக்கடையொன்றில் கணக்கெழுதுபவர்.

"முடிவில சோதனை இருக்கா மகன்?"

"இல்ல அப்பா."

"அப்ப எதுக்குப் போற?"

முதல் நாள் எனக்கும் அதே சந்தேகம்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் செய்தது இரண்டே கணக்கு. ரியூசனில் அந்த நேரத்துக்குள் பாஸ் பேப்பர் ஒன்றை முடித்திருப்போம்.

பின்னேரம் சேர் எங்களிடம் ஐந்து முழு எண்கள் கேட்டார். 7, 12, 20, 31, 44 என்று கத்தினோம். "7, 12, 20ஐக் கூட்டுங்கள். 39. மூன்றால் மீதியில்லாமல் வகுபடும். எந்த ஐந்து எண்ணைத் தந்தாலும் இப்படி மூன்று எண் அகப்படும். ஏன்?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

திரும்பும் வழியில் பஸ் ஜன்னலால் வாகன இலக்கத் தகடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தகட்டில் நான்கு இலக்கம். பலவற்றில் மூன்று அகப்பட்டது. ஆமர் வீதிச் சந்தியில் ஒரு த்ரீவீலர் நின்றது: 1133. 1, 1, 3 கூட்டினால் 5. 1, 3, 3 கூட்டினால் 7. இரண்டும் மூன்றால் வகுபடாது. நான்கு போதாது என்பதை அந்தத் தகடுதான் காட்டித் தந்தது.

இரவு கொப்பியில் எண்களை விட்டுவிட்டு மீதிகளை மட்டும் எழுதினேன். மூன்றால் வகுத்தால் மீதி 0, 1, 2 தான். மூன்று வகையும் இருந்தால் வகைக்கு ஒன்று எடுக்கலாம். மீதிகளின் கூட்டுத்தொகை 3. ஒரு வகை இல்லாவிட்டால், ஐந்து எண்ணும் மிச்ச இரண்டு வகைக்குள் அடங்கவேண்டும். ஏதோ ஒன்றில் மூன்றாவது சேர்ந்துவிடும். ஒரே மீதியுள்ள மூன்றைக் கூட்டினால் மூன்றின் மடங்குதானே! அப்பாவை எழுப்பிச் சொன்னேன். "இதுக்கு எத்தன மார்க்ஸ்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

இப்படியான முகாமுக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பவை இவை:

1. எத்தனை கணக்கு செய்தோம் என்று எண்ணாதீர்கள். 1995 முதல் இலங்கை பங்குபற்றும் சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் ஒரு நாளைக்கு நாலரை மணித்தியாலம், கணக்கோ மூன்றுதான். சராசரியாக ஒன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம். அவ்வளவு நேரம் ஒரே கணக்கோடு இருந்து பழக ரியூசனில் இடமில்லை.

2. வழி தெரியாவிட்டால் சின்ன எண்களைப் போட்டுக் கிறுக்குங்கள். கூற்று எங்கே பிழைக்கிறது என்று தேடுங்கள். எனக்கு 1133 செய்த உதவியை எந்தச் சூத்திரமும் செய்யவில்லை.

3. மொழிக்குப் பயப்படாதீர்கள். முகாம் ஆங்கிலத்தில் நடந்தது, நானோ தமிழ் மொழிமூலம். பக்கத்தில் இருந்தவன் சிங்கள மொழிமூலம். நாங்கள் 'நிறுவல்' என்பதை அவன் 'சாதனய' என்றான். எனக்கு அது 'சாதனை' என்றே கேட்டது, யோசித்தால் பிழையுமில்லை. இருவரும் ஒரே தாளில் படம் கீறிப் பேசிக்கொண்டோம்.

4. பக்கத்து மேசைக்காரன் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டால் சோர்ந்து போகாதீர்கள். அவன் அதை முன்பே பார்த்திருக்கலாம். விடையைக் கேட்காமல் ஒரு துப்பு மட்டும் கேளுங்கள்.

5. கண்டுபிடித்ததை அன்றிரவே முழு வசனங்களில் எழுதுங்கள். தலைக்குள் சரியாக இருந்த நிறுவலில் எழுதும்போதுதான் ஓட்டை தெரியும்.

அந்த ஐந்து நாளால் என் ஓ.எல். பெறுபேறு கூடியதா என்றால், சொல்லத் தெரியாது. கணக்கு வராவிட்டால் உடனே விடைப் பக்கத்தைப் புரட்டும் பழக்கம் மட்டும் போய்விட்டது.

சேர் தந்த கணக்கு ஒரு பெரிய தேற்றத்தின் சின்னத் துண்டு என்று பிறகுதான் அறிந்தேன். ஏர்டிஷ், கின்ஸ்பர்க், சிவ் ஆகிய மூவர் 1961இல் வெளியிட்டது. மூன்றுக்கு ஐந்து எண் வேண்டும். நான்கைத் தெரிந்து கூட்டுத்தொகை நான்கால் வகுபட ஏழு வேண்டும். ஏன் ஆறு போதாது, ஏன் ஏழு போதும்? நான் சொல்லப்போவதில்லை. ஒரு தாளை எடுங்கள்.