துப்பாக்கியைத் தாழ்த்தவும் பழக்கு

அன்புத் தம்பி,

உன் பட்டாலியன் ஐ.நா. அமைதிகாப்புப் பணிக்குத் தெற்கு சூடான் போகிறது, புதிதாக வந்த பையன்களைப் பழக்கும் வேலையை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது உன் அம்மா சொன்னார்கள். பெருமையாகத்தான் சொன்னார்கள், சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் போல இதே வேலையில் இருக்கும் மற்ற தம்பிகளும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

தென்பழனி செக்போஸ்ட்டிலிருந்து மேகமலைக்கு ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஓடிப் பழகியவன் நீ. பட்டாளத்தில் சேர ஓடும் 1600 மீட்டரை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறோம் என்பதுதான் அந்த வயதில் நமக்கு உலகம். உடம்பைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. பையன்களின் உடம்பையும் வெலிங்டன் பயிற்சி மையத்திலேயே தேற்றி அனுப்பியிருப்பார்கள்.

நம் பயிற்சி எதிரியில் தொடங்குகிறது. நீ போகிற இடத்தில் எதிரி என்று யாரும் கிடையாது, தரப்புகள்தான் உண்டு. அவர்கள் சம்மதத்தோடு போகிறோம், எவர் பக்கமும் சாய்வதில்லை, தற்காப்புக்கும் ஒப்படைத்த பணியைக் காப்பதற்கும் தவிர பலத்தைக் காட்டுவதில்லை. 2000-இல் டில்லியில் தொடங்கிய அமைதிகாப்புப் பயிற்சி மையத்தில் இந்த மூன்றையும் பாடமாக நடத்துவார்கள். பையன்கள் மடமடவென்று ஒப்பிப்பார்கள். ஒப்பித்ததெல்லாம் கைக்கு வந்துவிடாது.

எனக்கு அது புரிந்தது அமைதிகாப்புப் பணிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். அப்போது நான் ஹவில்தார். ஒருநாள் காலை ரோந்து போய்க்கொண்டிருந்தோம். ஆளுயரப் புல்லை விலக்கிக்கொண்டு, தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண் எதிரே வந்துவிட்டார். என் செக்‌ஷன் பையன் சட்டென்று ரைஃபிளைத் தூக்கிவிட்டான். பயம்தான் காரணம். சுடவில்லை. ஆனால் அந்த அம்மா கட்டை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டி மண்ணில் முகம் படக் குப்புறப் படுத்துக்கொண்டார். யாரும் படுக்கச் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் அவரை நோக்கித் துப்பாக்கி நீட்டியிருந்தால் அந்தப் பழக்கம் வந்திருக்கும்! பையனை அங்கேயே திட்டித் தீர்த்தேன். ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. தூக்குவதற்கு மாதக்கணக்கில் பழக்கிய நான், தாழ்த்துவதற்கு ஒரு நாள்கூடப் பழக்கவில்லை. தப்பு என்னுடையது.

நம் மேகமலையில் மணலாறுக்குப் போகிற பஸ்காரரை நினைத்துப் பார். வளைவில் காட்டுமாடு நின்றால் ஹாரன் அடிக்கமாட்டார், வண்டியை முன்னால் உருட்டமாட்டார். கை தானாக நிறுத்திவிடும். ஆட்களை மாட்டோடு ஒப்பிடவில்லை தம்பி, அந்த டிரைவரின் கையைச் சொல்கிறேன். பல வருஷம் பழகி வந்த நிதானம் அது. உனக்குக் கிடைக்கப்போவது சில வாரங்கள்தான்.

1987-ஐத் தமிழ்ப் பட்டாளத்துக்காரன் மறக்கவே கூடாது. ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, மறுநாளே நம் படை இலங்கையில் இறங்கியது. அமைதி காக்கப் போனவர்கள் அக்டோபரில் போரில் இருந்தார்கள். ஒழுங்கான வரைபடம்கூடப் பலர் கையில் இல்லை. அந்த மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படை நுழைந்தபோது டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி கப்பல் ஏறியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் இறந்திருந்தார்கள். அவசரத்தில் அனுப்பப்பட்ட படைக்கு, எதிரே நிற்பவர் யார் என்று பிரித்துப் பார்க்க யாரும் பழக்கியிருக்கவில்லை. இதைப் பையன்களிடம் மறைக்காதே. உட்காரவைத்துச் சொல்.

தெற்கு சூடானின் அகோபோவில் நடந்ததையும் சொல். 2013 டிசம்பரில் அந்தச் சின்ன ஐ.நா. முகாமுக்குள் உயிருக்குப் பயந்து மக்கள் தஞ்சம் புகுந்தார்கள். ஆயுதக் கூட்டம் முகாமைச் சூழ்ந்து தாக்கியதில் நம் வீரர்கள் இரண்டு பேர் உயிரைவிட்டார்கள். தாழ்த்தப் பழகுவதென்றால் ஒதுங்கி நிற்பது என்று பையன்கள் நினைத்துவிடக் கூடாது. மக்களைக் காக்கத் துப்பாக்கியைத் தூக்கியே ஆகவேண்டிய நேரமும் வரும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசும்போது கண் ஊர்க்காரர் முகத்தில் இருக்கட்டும், வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். மலேரியா மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்திலேயே நில். முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது மதராஸ் பயனியர் படையினரும் அங்கே வேலை செய்தார்கள், காய்ச்சலில் எத்தனையோ பேர் போனார்கள். அந்த அணைத் தண்ணீரைக் குடித்து நம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பசியில் இருக்கும் பெண்ணிடம் சாப்பாட்டையோ பணத்தையோ காட்டி எதையும் கேட்பது குற்றம், அதில் மன்னிப்பே கிடையாது என்று முதல் நாளே, கூச்சப்படாமல், எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடு. காங்கோவில் நம் ஆட்கள் மேலும் அப்படிக் குற்றச்சாட்டு எழுந்தது.

இந்தத் திங்கட்கிழமை ஒரு காரியம் செய். ஒரு பையனிடம் விறகுக்கட்டைக் கொடுத்துப் புதருக்குள் அனுப்பு. எப்போது வெளியே வருவான் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். அவன் வந்ததும் ரைஃபிள் முனை தரையைப் பார்க்க வேண்டும், கறுப்புக் கண்ணாடி கழல வேண்டும், ஒருவன் மட்டும் இரண்டடி முன்னால் போய் சலாம் சொல்ல வேண்டும். பிறகு ஆளை மாற்று. சில தடவை கட்டுக்குள் நிஜமாகவே ஆயுதத்தை ஒளித்துவை, எல்லாக் கட்டும் விறகுதான் என்று அவர்கள் மெத்தனமாகிவிடக் கூடாது. முதல் நாள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். யாராவது முனையைத் தூக்கிவிட்டால் திட்டாதே. கட்டை அவன் தலையில் ஏற்றி அடுத்த முறை அவனையே புதருக்குள் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்