பூங்காவுக்குப் பக்கத்தில் இரண்டு இரவு

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கும்போதே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஒழுங்கைகளில் வாடகை வான்கள் நிற்கத் தொடங்கிவிடும். லண்டன், பரிஸ், ரொறன்ரோ பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் அதே காலம்தான். கோயில், சொந்தக்காரர் வீடுகள், காரைநகர் கசூரினாக் கடற்கரை எல்லாம் ஒரு கிழமைக்குள் முடிந்துவிட, “இனி எங்க போறம்?” என்ற கேள்வி வரும். உடனே பெரியவர்கள் கூடி, பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பூங்கா ஒன்றின் பக்கத்தில், பிள்ளைகளுக்கென்றே அலங்கரித்த விடுதியில் இரண்டு இரவு தங்குவதைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சில் அடித்துச் சொல்லப்படும் பல விஷயங்கள் பிழையானவை. சில காசைக் கரைக்கும். ஒன்றிரண்டு உயிருக்கே ஆபத்தானவை.

“பூங்காவுக்குக் கிட்டத் தங்கினால் எல்லாருக்கும் லாபம்”

எல்லாருக்கும் இல்லை. இதை உலகத்துக்கே காட்டிய இடம் பரிஸ். 1992 ஏப்ரல் 12இல் யூரோ டிஸ்னி (இன்றைய டிஸ்னிலாண்ட் பரிஸ்) திறக்கப்பட்டபோது, பூங்காவோடு சேர்த்து ஏறத்தாழ 5,200 அறைகளையும் கட்டியிருந்தார்கள். புளோரிடாவில் உள்ள டிஸ்னிப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பல நாள் தங்குவதுபோல ஐரோப்பியர்களும் தங்குவார்கள் என்பது கணக்கு. ஆனால் பரிஸ் நகரின் நடுவிலிருந்து ரயிலில் ஏறினால் முக்கால் மணித்தியாலத்துக்குள் பூங்கா வாசல். சனம் காலையில் வந்து, விளையாடி, இரவு வீட்டுக்குப் போய்விட்டது. அறைகள் நிரம்பவில்லை. நியூபோர்ட் பே கிளப் என்ற பெரிய ஹோட்டலை முதல் குளிர்காலத்தில் மூடியே வைத்தார்கள். 1994இல் கடனைச் சீரமைத்த பிறகுதான் நிறுவனம் மூச்சு விட்டது. பரிஸின் லா சப்பலில் இருக்கும் நம் சொந்தக்காரர் அந்தப் பூங்காவுக்குப் போக அறை எடுக்கத் தேவையில்லை என்பதை அதில் முதலிட்டவர்கள் கொடுத்த விலையிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் பக்கத்தில் தங்குவது யாருக்கு உதவும்? பகலில் தூங்குகிற பிள்ளை உள்ள வீட்டுக்கு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை காலை ஒன்பது மணிக்கு உற்சாகமாய்த்தான் இருக்கும். பன்னிரண்டு மணிக்கு அழத் தொடங்கும். இரண்டு மணிக்கு எந்த ராட்டினமும் அந்த அழுகையை நிறுத்தாது. ஆடி, ஆவணி வெயிலில் பெரியவர்களுக்கே தலை சுற்றுகிற நேரம் அது. அந்த நேரத்தில் அறைக்குத் திரும்பி, குளிக்க வார்த்து, சாப்பாடு கொடுத்து, ஒன்றரை மணித்தியாலம் படுக்கவிட்டு, நாலு மணிக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் இரவு வரை பிள்ளை சந்தோஷமாக இருக்கும். பக்கத்து விடுதிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த மத்தியானத்துக்கான காசு. சுவரில் வரைந்திருக்கும் டைனோசர் அந்தக் காசு பெறாது.

ஆகவே கிலோமீற்றர் கணக்கைக் கேட்டுப் பயனில்லை. தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பூங்கா வாசலிலிருந்து அறைக் கதவு வரை எத்தனை நிமிடம், அதே ரிக்கெற்றில் அன்றைக்கே திரும்ப உள்ளே விடுவார்களா என்ற இரண்டையும் கேளுங்கள். ஒரு தடவை வெளியே வந்தால் ரிக்கெற் முடிந்தது என்று சொல்லும் பூங்காக்கள் உண்டு. அங்கே பக்கத்தில் தங்குவதன் பாதிப் பயன் போய்விடும். மாறாக, டிஸ்னிலாண்ட் பரிஸ் தன் ஹோட்டல்களில் தங்குவோரைக் காலையில் பொதுசனத்துக்கு முன்பே உள்ளே விடுகிறது. சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றவருக்கு அந்த நேரத்தின் அருமை தெரியும்.

“எங்களுக்குக் கிட்ட எண்டால் கொழும்புப் பக்கம்தான்”

திருநெல்வேலியிலிருந்து ஹங்வெல்லவில் உள்ள லெஷர் வேர்ல்டுக்கோ பண்டாரகமவில் உள்ள பேர்ல் பே பூங்காவுக்கோ போவதென்றால் வானில் ஏழெட்டு மணித்தியாலம் போய்விடும். விடிய நாலு மணிக்குச் சோத்துப் பார்சலோடு வெளிக்கிட்டு, வவுனியாவில் ஒரு பிள்ளை சத்தி எடுத்து, மத்தியானம் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் முதல் நாள் பயணத்திலேயே முடிந்துவிடும். போய்வரும் களைப்பையும் கணக்கில் எடுத்தால் அங்கே இரண்டு இரவு குறைவு, மூன்று வேண்டும்.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறப்பது ஒன்றரை மணித்தியாலத்துக்குள். இடையில் நின்றுபோயிருந்த அந்தச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. சென்னையில் இறங்கினால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம் என்று இரண்டு பூங்காக்கள். இரண்டுக்குமே சொந்தமாகக் கடற்கரை விடுதி உண்டு. திருப்போரூருக்குப் பக்கத்தில் இள்ளலூரில் வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்தது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், விமானத்தில் பொதி எடைக்கு எல்லையும் உண்டு. அந்த இரண்டையும் நேரத்தோடு பார்த்துக்கொண்டால், பிள்ளைகளின் களைப்புக் கணக்கில் சென்னை கொழும்பை விடக் கிட்ட.

எல்லாவற்றையும் விடக் கிட்ட, ஆனையிறவுக்கு இப்பால் இயக்கச்சியில் றீச்சா இருக்கிறது. இயற்கைப் பண்ணையையே கருவாக வைத்து, தங்குமிடமும் பிள்ளைகளுக்கான விளையாட்டுகளும் சேர்த்து அமைத்த இடம். ஏ9 வீதியில் ஒரு மணித்தியாலப் பயணம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் முதலில் இதைத்தான் யோசியுங்கள் என்பேன். அந்த வயதில் ஆட்டுக்குட்டிக்குக் குழை கொடுப்பது பெரிய ராட்டினத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை இதை ஒத்துக்கொள்ளாது, அதற்குச் சென்னைதான் வேண்டும்.

“கிணத்தடியில வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணிப் பயமில்லை”

இந்த நம்பிக்கையைத்தான் நான் எல்லாவற்றிலும் அதிகம் அஞ்சுகிறேன். இதன் மறுபக்கமும் உண்டு: “வெளிநாட்டுப் பிள்ளையள் பள்ளிக்கூடத்தில நீந்தப் பழகினவை, பார்க்கத் தேவையில்லை.”

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் கிட்டத்தட்டக் கால் பங்கு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். மூழ்குகிற பிள்ளை கத்தும், கை ஆட்டும், நாங்கள் ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். சினிமா அப்படிக் காட்டிவிட்டது. மூச்சுக்குத் தவிக்கும் வாயிலிருந்து குரல் வராது. கைகள் தண்ணீரை அமத்தி எழும்பப் பார்க்குமே தவிர மேலே தூக்கி ஆடாது. பார்ப்பவருக்குப் பிள்ளை நின்ற இடத்திலேயே விளையாடுவதுபோல் இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் அமிழ்ந்துவிடும். நீங்கள் கைத்தொலைபேசியில் ஒரு செய்திக்குப் பதில் அடிக்கும் நேரம் அது.

கையில் காற்றடித்துப் போடும் ரப்பர் வளையம் விளையாட்டுப் பொருள், உயிர்காப்பு அங்கியின் வேலையை அது செய்யாது. ஒரு கை கழன்றால் பிள்ளை சரிந்துவிடும். அதைப் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் பெரியவர்கள் நிழலுக்குப் போய் இருந்துவிடுவதுதான் ஆபத்து. பத்துப் பேர் சுற்றி நிற்கும் தடாகத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைக்கிறார்கள். பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள்: “மச்சான், இந்தக் கால் மணித்தியாலம் நீங்கள். பிறகு நான்.” அந்தக் கால் மணித்தியாலம் அவர் கதைக்கவும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையாயின் கை நீட்டினால் எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே நிற்கவேண்டும். உயிர்காப்பாளர் இருக்கிறாரா என்று விடுதியில் கேட்டால் “இருக்கிறார்” என்றுதான் வரும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கேளுங்கள்.

பெரியவர்களே கவனிக்காத ஒன்று, அடியில் உள்ள உறிஞ்சு துவாரம். மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால் அது நீளமான தலைமயிரையும் உடுப்பையும் பிள்ளையின் உடம்பையுமே இழுத்துப் பிடித்துவிடும். அமெரிக்காவில் ஒரு சிறுமி இப்படி இறந்த பிறகு, 2007இல் இந்த மூடிகளுக்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளை இறங்க முதல் நீங்கள் இறங்கி, அந்த மூடியைக் கண்ணால் பாருங்கள். பெட்டைப் பிள்ளைகளின் பின்னலைத் தொப்பிக்குள் விடுங்கள்.

“குளோரின் மணத்தால் தண்ணி சுத்தம்”

நேர்மாறு. நல்ல நிலையில் உள்ள தடாகத்தில் மணம் தூக்காது. கண் எரிகிற அந்த மணம், குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் வேறு சேர்மங்களின் மணம். சுத்தம் செய்யவேண்டிய குளோரின் அங்கே செலவாகிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். வயிற்றோட்டம் உள்ள பிள்ளையைத் தடாகத்தில் இறக்கவே வேண்டாம். சரியான அளவு குளோரினிலும் பல நாள் தாக்குப்பிடிக்கும் கிருமிகள் உண்டு, நீச்சல் நாப்கின் அவற்றை மறித்து வைக்காது.

“ரெண்டு இஞ்சிதானே, ஏத்துங்கோ”

ராட்டின வாசலில் உயரம் அளக்கும் கோலின் கீழே இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். தாய் பிள்ளையின் கொண்டையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிவிடுவார். தகப்பன் தடித்த அடிச் செருப்பைப் போடச் சொல்வார். சித்தப்பா அளக்கும் பொடியனோடு தர்க்கப்படுவார். அந்தப் பொடியன் கொண்டையை உள்ளங்கையால் அமத்திவிட்டு மாட்டேன் என்பான். அவன் சரியாகச் செய்கிறான். டிஸ்னிலாண்ட் பரிஸில் பிக் தண்டர் மவுண்டனுக்கு 102 சென்ரிமீற்றர், ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 120 என்று வெவ்வேறு எல்லை இருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றின் இருக்கையும் அமத்துகிற சட்டமும் ஒவ்வொரு உடலளவை நம்பிச் செய்யப்பட்டிருப்பதுதான். கட்டையான பிள்ளையின் இடுப்பில் சட்டம் பதியாது. வளைவில் உடம்பு வழுகும். வீட்டிலேயே வெறுங்காலோடு சுவரில் நிறுத்தி அளந்து, எதில் ஏறலாம் எதில் முடியாது என்று பிள்ளைக்கு முதலே சொல்லிவிட்டால் வாசலில் அழுகை வராது.

“அறைக் காசுக்குள்ள எல்லாம் அடக்கம்”

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் வெளியே நிற்கின்றன. 10 வீத சேவைக் கட்டணத்தையும் 18 வீத வற் வரியையும் சேர்த்தால் 25,000 ரூபாய் அறை 32,000 ரூபாயைத் தொடும். பூங்கா ரிக்கெற் பெரும்பாலும் தனி. “குடும்ப அறை” என்றால் எத்தனை கட்டில் என்று கேட்காமல் பதிந்தால் ஒரு பெரிய கட்டிலும் ஒரு மடக்குக் கட்டிலும்தான் மிஞ்சும்.

“சுத்திக் கடல், தண்ணிக்கு என்ன குறை?”

யாழ்ப்பாணத்திலும் பெரிய நீர்ப்பூங்கா ஒன்று வந்தால் என்ன என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். பிள்ளைகளுக்காகக் கேட்கிறார்கள், அந்த ஆசை நியாயமானது. ஆனால் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. திருநெல்வேலிச் சந்தைக்கு வரும் மரக்கறிக்கும் வீட்டுக் கிணற்றுக்கும் அதுதான் முதல். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலேறும். விருந்தினர் கூடும் ஆடி, ஆவணி மாதங்கள்தான் கிணறு அடிகாணும் மாதங்களும்.

நீர்ச்சறுக்கில் ஓடுவது ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர் என்று நினைப்பதும் பிழை. வடிகட்டி, அதே தண்ணீரைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள். ஆவியாவதும், தெறித்துப் போவதும், வடிகட்டியைக் கழுவி விடுவதும்தான் இழப்பு. சோளகக் காற்றில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் வற்றினாலே 100 சதுரமீற்றர் தடாகம் 500 லீற்றரை இழக்கும். சின்னத் தடாகம் ஒன்றுக்கு அது தாங்கும். அலைத் தடாகமும் பத்துச் சறுக்குகளும் என்று வரும்போது, அந்த நீர் எங்கிருந்து, கழுவிய நீர் எங்கே என்று அனுமதி கொடுக்க முதலே கேட்கவேண்டும். கடல்நீரை நன்னீராக்கலாமே என்றால், தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது மக்களின் குடிநீருக்காக.

“அம்மம்மா வீட்டிலயே இருக்கட்டும்”

பூங்காவுக்கு மட்டும் போய்வருவதாயின் இந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. முன்பு அமெரிக்காவின் டிஸ்னிலாண்டில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி ரிக்கெற் இருந்தது. 1982இல் அதை விட்டுவிட்டு, வாசலில் ஒரே கட்டணம் என்று ஆக்கினார்கள். இன்று உலகின் பெரும்பாலான பூங்காக்கள் அந்த வழியில்தான். ஒன்றிலும் ஏறாத அம்மம்மாவுக்கும் வாசற் காசு கட்டவேண்டும். விடுதியில் தங்கும்போது கணக்கு மாறுகிறது. மத்தியானத்தில் தூங்கும் சின்னவனோடு அறையில் அவர் இருந்தால் பெரிய பிள்ளைகளைத் தாய் தகப்பன் ஆறுதலாகச் சுற்றிக் காட்டலாம். அவருக்கும் பேரனோடு தனியே இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். லண்டனில் வளரும் பேரனோடு அது எத்தனை தடவை கிடைக்கும்?

அவருக்காகக் கேட்கவேண்டியவை வேறு. கீழ்மாடி அறை, கால் வழுக்காத குளியலறை, பிடித்து எழும்ப ஒரு கைபிடி. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் தொடாத வீடுகள் நம்மிடையே ஏராளம். மரக்கறிச் சாப்பாடு உண்டா என்று கேட்டால் எந்த விடுதியும் உண்டு என்றுதான் சொல்லும். வேறு சட்டியில், வேறு அகப்பையில் சமைப்பார்களா என்பதை அறை பதியும்போதே சமையற்கட்டுக்குப் பொறுப்பானவரிடம் நேரே கேளுங்கள். இல்லையென்றால் அவர் இரண்டு நாளும் பாணும் வாழைப்பழமுமாய்ச் சமாளித்துவிட்டு, “எனக்குப் பசிக்கேல்லை மோனை” என்றுதான் சொல்வார்.